காசு வந்தால் பிள்ளைகள் குறையுமா?

ஏழை நாடுகளில் பொருளாதாரம் வளர்ந்தால் பிறப்பு விகிதம் தானாகக் குறைந்துவிடுமா, கையில் நாலு காசு சேர்ந்தால் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூடுதலாக வளர்க்கலாமே, பிறகு ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. வருமானம் ஏறுவதுதான் பிள்ளைகள் குறைவதற்குக் காரணமா, இல்லை இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்பது ஒன்று. ஒரு ஏழை வீட்டில் கணவனும் மனைவியும் ‘இத்தோடு போதும்’ என்ற முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பது இன்னொன்று. உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது இரண்டாவது என்றே படுகிறது. பதிலின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

நான் மக்கள்தொகையியல் படித்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கேட்கும் குடும்ப நலக் கணக்கெடுப்புகளில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். பெண்களிடம் கேட்கப் பெண்களைத்தான் அனுப்புவார்கள், அப்படித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேள்வித்தாளோடு நடக்கத் தொடங்கினேன். பிறகு மற்ற நாடுகளின் இதே மாதிரிக் கணக்கெடுப்புகளைப் படிப்பதும் ஒப்பிடுவதுமே வேலையாகிப் போனது. அதில் என் மனதை அதிகம் பிடித்த நாடு வங்கதேசம். உங்கள் கேள்விக்கு அதைப்போல நேரடியாகப் பதில் தரும் நாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் எந்த அளவுகோல் என்று சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பேருக்கு வருடத்தில் எத்தனை பிறப்பு என்ற கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். இளம்பெண்கள் அதிகமுள்ள நாட்டில், ஒவ்வொருத்தியும் இரண்டே பெற்றாலும் அந்த எண் பெரிதாகத்தான் தெரியும். அதனால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்ற கருவள விகிதத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது 2.1 அளவில் இருந்தால் ஒரு தலைமுறை தன்னை அப்படியே ஈடு செய்துகொள்கிறது என்று பொருள்.

உலகத்து நாடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால், பணக்கார நாடுகளில் பிள்ளைகள் குறைவு, ஏழை நாடுகளில் அதிகம். இதில் சந்தேகமே இல்லை. 1974இல் புக்கரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் அப்போதைய இந்தியச் சுகாதார அமைச்சர் கரண் சிங், வளர்ச்சிதான் மிகச் சிறந்த கருத்தடை என்று சொன்னார். ஏழை நாடுகளுக்குக் கருத்தடை மாத்திரையைக் கொடுத்துவிட்டு மற்ற உதவிகளில் கையை விரித்த பணக்கார நாடுகளுக்கு அது சரியான பதிலடி. ஆனால் வளர்ச்சி என்ற சொல்லை வெறும் வருமானம் என்று எடுத்துக்கொண்டால் அந்த வாசகம் நிற்காது. ஓமானைப் பாருங்கள். 1967இல் எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது, பணம் கொட்டியது. 1980களின் தொடக்கத்திலும் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எட்டுக் குழந்தைகள். 1970இல் அந்த நாடு முழுவதற்கும் மூன்றே பள்ளிகள், அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண்கள் பள்ளிக்குப் போய் ஒரு தலைமுறை வளர்ந்து, 1994இல் பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி விடும் திட்டத்தை அரசே தொடங்கிய காலத்தில்தான் அந்த எண் வேகமாக இறங்கியது. எண்ணெய்ப் பணம் முதலிலேயே வந்துவிட்டது. வீட்டுக்குள் இருந்த பெண்ணின் வாழ்க்கை மாற இன்னும் இருபது வருடம் ஆனது.

இப்போது வங்கதேசத்துக்கு வருகிறேன். 1971 வரை அதுவும் பாகிஸ்தானும் ஒரே நாடு. பிரிந்தபோது இரண்டிலும் ஒரு பெண்ணுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள். பாகிஸ்தான் அப்போது வசதியான பக்கம், அதற்குப் பிறகும் நாற்பது வருடங்கள் தலைக்கு வருமானத்தில் அதுதான் முன்னால் நின்றது. வங்கதேசம் போரையும் 1974 பஞ்சத்தையும் தாண்டி வந்த நாடு. வருமானம்தான் பிள்ளைகளைக் குறைக்கிறது என்றால் பாகிஸ்தானில் முதலில் குறைந்திருக்கவேண்டும். நடந்தது வேறு. வங்கதேசத்தில் 1975 கணக்கெடுப்பில் 6.3 ஆக இருந்தது 1993-94இல் 3.4 ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2011இல் 2.3. பாகிஸ்தானோ 2017-18 கணக்கெடுப்பிலும் 3.6இல்தான் நிற்கிறது. மதத்தைக் காரணம் காட்டுகிறவர்களும் இந்த இரண்டு நாடுகளை வைத்து யோசிக்கவேண்டும். இரண்டும் முஸ்லிம் நாடுகள். ஈரானும் அப்படித்தான், அங்கே 1980களின் நடுவில் 6க்கு மேல் இருந்தது 2000 வாக்கில் 2க்கு வந்துவிட்டது. இவ்வளவு வேகமான இறக்கத்தை உலகம் அதிகம் பார்த்ததில்லை.

சரி, ஏழை வீட்டில் நிறையப் பிள்ளைகள் பெறுவது அறியாமை என்றுதான் படித்த நாம் பேசுகிறோம். அப்படிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். மீட் கெய்ன் என்ற ஆய்வாளர் 1970களில் வங்கதேசத்தில் மைமன்சிங் மாவட்டக் கிராமம் ஒன்றில், வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் என்ன வேலை செய்கிறார்கள் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து குறித்தார். ஒரு பையன் தான் சாப்பிடுவதைவிட அதிகமாக உழைத்துக் கொடுக்க ஆரம்பிப்பது பன்னிரண்டு வயதுக்குள். பதினைந்து வயதுக்குள் அதுவரை தனக்கு ஆன சாப்பாட்டுச் செலவு முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மாடு மேய்ப்பது, சாணம் பொறுக்குவது, தண்ணீர் கொண்டுவருவது, தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அப்புறம் முதுமை இருக்கிறது. வெள்ளமும் நில அபகரிப்பும் உள்ள ஊரில், கணவன் செத்தால் வளர்ந்த மகன் இல்லாத பெண்ணின் நிலத்தை யார் காப்பது? ஓய்வூதியமும் காப்பீடும் இல்லாத இடத்தில் மகன்தான் காப்பீடு. அந்தத் தாய் கணக்குப் போடத் தெரியாமல் ஆறு பெறவில்லை. அவளுக்குக் கிடைத்த உலகத்தில் அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது. ஆகவே பிள்ளைகள் குறைந்ததென்றால் அவள் உலகத்தில் ஏதோ மாறியிருக்கவேண்டும்.

முதலில் மாறியது குழந்தைகள் பிழைப்பது. கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, பிறந்தபோது அழுது, மூச்சு விட்டு, பிறகு தவறிப்போன குழந்தை ஏதாவது உண்டா என்று தனியாகக் கேட்கவேண்டும். முதல் கேள்விக்கு மளமளவென்று பதில் சொன்ன பெண் இதற்கு அப்படியே நின்றுவிடுவாள். சில வீடுகளில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். வயதான பெண்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள்: ஒன்று பேதியில், ஒன்று காய்ச்சலில், ஒன்று பெயர் வைப்பதற்கு முன்னாலேயே. இளம்பெண்கள் பெரும்பாலும் ‘அப்படி ஒன்றும் இல்லைக்கா’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரே தெருவில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே அந்தப் பதில் மாறியதைக் கேட்ட பிறகு, குழந்தைச் சாவு குறைந்தால் பிறப்பு ஏன் குறைகிறது என்பதற்கு எனக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. இரண்டு பேர் நிற்பதற்கு ஐந்து பெறவேண்டியிருந்தது. இரண்டு பெற்றால் இரண்டும் நிற்கும் என்ற நம்பிக்கை வந்தபிறகு மூன்றாவது வேண்டுமா என்று யோசிக்க முடிகிறது.

வங்கதேசத்தில் அந்த நம்பிக்கை பணக்கார ஆஸ்பத்திரிகளால் வரவில்லை. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே மருந்து கலக்கச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். அவ்வளவுதான் மருந்து. தடுப்பூசியும் சேர்ந்தது. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1993-94இல் ஆயிரத்துக்கு 133 ஆக இருந்தார்கள், 2022இல் 31 ஆனார்கள். வருமானம் ஏறியதும் இதற்கு உதவியது என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் உப்பும் வெல்லமும் கலந்த தண்ணீருக்கு நாட்டு வருமானம் இரட்டிப்பாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது, வேண்டாம் என்று நினைக்கிற பெண்ணுக்கு வழி இருக்கிறதா என்பது. இதற்கு உலகத்திலேயே நல்ல சான்று டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகள் சூழ்ந்த மத்லப் என்ற பகுதியில் இருக்கிறது. காலரா ஆராய்ச்சிக்காக 1966 முதல் அங்கே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கல்யாணத்தையும் பதிவு செய்து வருகிறார்கள். 1975இல் மாத்திரையையும் ஆணுறையையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்பாடு கொஞ்சம் ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. தலைசுற்றுகிறது, இரத்தப்போக்கு வருகிறது என்று சொன்னால் கேட்க ஆள் இல்லாததால் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டு 1977இல் புதிதாகத் தொடங்கினார்கள். பாதிக் கிராமங்களில் அந்த ஊரிலேயே வாழும், ஓரளவு படித்த, கல்யாணமான சுமார் எண்பது பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போவார்கள். மாத்திரை, ஊசி, காப்பர் டி எது பிடிக்கிறதோ அது. பக்கவிளைவு வந்தால் மேலே இருக்கும் செவிலியரிடம் அனுப்பி வைப்பார்கள். மீதிப் பாதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். இரண்டு பக்கமும் ஒரே ஏழ்மை, ஒரே மொழி, ஒரே வயல். இரண்டு வருடத்துக்குள் திட்டம் நடந்த கிராமங்களில் கருத்தடை பயன்படுத்துவோர் பத்தில் ஒருவர் கூட இல்லாத நிலையிலிருந்து மூன்றில் ஒருவராக ஆனார்கள். பிறப்பும் மற்றப் பாதியைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைந்தது.

இந்தச் சான்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வாசல்தான். அந்தக் கிராமப் பெண் பர்தா வழக்கத்தால் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ தனியாகப் போக முடியாதவள். மருந்து மூன்று மைல் தள்ளி இலவசமாகக் கிடைத்தாலும் அவளுக்கு அது இல்லாத மருந்துதான். அவளைப்போலவே சேலை கட்டி, அவள் பேச்சைப் பேசி, தானும் மூன்றாவது வேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு பெண் படியேறி வந்து உட்கார்ந்தபோது, மருந்தோடு சேர்ந்து ஒரு யோசனையும் உள்ளே வந்தது: பிள்ளை எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம், அது வெட்கப்படவேண்டிய பேச்சு இல்லை. அரசும் இதே பாணியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண் ஊழியர்களை நாடு முழுவதும் வேலைக்கு எடுத்தது. 1975இல் மணமான பெண்களில் நூற்றுக்கு 8 பேர் ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள், 2014இல் 62 பேர். பாகிஸ்தானில் 2017-18இல் 34 பேர்.

பெண் கல்வியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரியாகத்தான் பேசுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்கவேண்டும். 1994 முதல் வங்கதேசத்தில் ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் கிராமப்புறப் பெண்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று: நூற்றுக்கு 75 நாட்களாவது பள்ளிக்கு வரவேண்டும், தேர்வில் 45 மதிப்பெண்ணாவது எடுக்கவேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. அந்த மூன்றாவது நிபந்தனையை எழுதியவர்களை நான் மனதார மதிக்கிறேன். தகப்பனுக்குப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. ஆனாலும் அங்கே பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்குள்ளேயே இன்றும் கல்யாணம் ஆகிவிடுகிறது. சீக்கிரம் கல்யாணம், ஆனால் இரண்டோடு நிறுத்துவது என்பதுதான் அந்நாட்டின் விசித்திரமான பாதை. இலங்கை போன வழி இதற்கு நேர் எதிர். அங்கே 1945இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. 1971 வாக்கில் பெண்களின் சராசரித் திருமண வயது 23ஐத் தாண்டியது. பிறப்பு குறைந்ததில் பெரும்பங்கு முதலில் கல்யாணம் தள்ளிப்போனதால் வந்தது, கருத்தடை பின்னால் சேர்ந்துகொண்டது. இரண்டு நாடுகளும் வெவ்வேறு கதவு வழியாக ஒரே வீட்டுக்குள் போயிருக்கின்றன.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளைப் பற்றிக் கேட்பீர்கள். வங்கதேச வளர்ச்சி என்றாலே அதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அங்கே வேலை செய்வோர் சுமார் நாற்பது லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். தொழிற்சாலைக்கு எட்டும் தூரத்தில் உள்ள கிராமங்களில் பெண்கள் கல்யாணத்தையும் முதல் குழந்தையையும் தள்ளிப்போடுகிறார்கள், அதிக வருடம் படிக்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் ரேச்சல் ஹீத்தும் முஷ்ஃபிக் மொபாரக்கும் காட்டியிருக்கிறார்கள். இதில் பொருளாதார வளர்ச்சி நேரடியாகவே வேலை செய்கிறது. தையல் வேலைக்கும் எண்ணத் தெரியவேண்டும், எழுதத் தெரியவேண்டும், அதனால் பெண்ணைப் படிக்கவைத்தால் பலன் உண்டு என்று குடும்பத்துக்குத் தெரிகிறது. அவளுடைய நேரத்துக்கும் இப்போது கூலி இருக்கிறது. இடுப்பில் குழந்தையோடு வீட்டில் இருந்தால் இழப்பது எவ்வளவு என்று காசுக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. நீங்கள் கேட்ட ‘காசு வந்தால் அதிகம் பெறலாமே’ என்பதற்குப் பதிலும் இதுதான். காசு ஏறும்போது பிள்ளை வளர்க்கும் விலையும் சேர்ந்து ஏறுகிறது. பன்னிரண்டு வயதில் மாடு மேய்த்துச் சம்பாதித்த பையன் இப்போது சீருடையும் டியூஷன் காசும் கேட்கிறான். ஆறு பேருக்கு அதைக் கொடுக்க முடியாது, இரண்டு பேருக்கு முடியும். பொருளியலில் கேரி பெக்கர் 1960இலேயே இதைச் சொல்லிவிட்டார்: வருமானம் கூடினால் பெற்றோர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்வதைக் கூட்டுவார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. தொழிற்சாலைகள் பரவுவதற்கு முன்பே பிறப்பு இறங்கத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை இறக்கத்தை வேகப்படுத்தியிருக்கலாம், தொடங்கி வைக்கவில்லை.

வளர்ச்சியின் முதல் படிகள் பிறப்பைக் கூட்டவும் செய்யும், இதை அதிகம் பேர் சொல்வதில்லை. கென்யாவில் 1970களின் கடைசியில் கருவள விகிதம் 8ஐத் தொட்டது, முந்தைய தலைமுறையைவிட அது அதிகம். தாய் இரண்டு வருடம் பால் கொடுக்கும்வரை அடுத்த கரு தங்குவது தாமதமாகும். குழந்தை நடக்கும்வரை கணவனும் மனைவியும் விலகியிருக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் இருந்தது. பட்டணத்து வாழ்க்கையும் புட்டிப்பாலும் வந்ததும் இரண்டும் தளர்ந்தன. பால்வினை நோய்களுக்கு மருந்து வந்ததால், குழந்தையே பிறக்காமல் இருந்த பெண்களும் பெற்றார்கள். பழைய தடுப்புகள் போய்விட்டன, புதியவை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் பிறப்பு ஏறுகிறது. வளரும் நாட்டைப் பார்த்து ‘ஐந்து வருடமாக வளர்ச்சி, ஆனாலும் பிறப்பு குறையவில்லையே’ என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதை, எண்ணிக்கையில் கொஞ்சம் கூடக் குறைய வந்தாலும், என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இனிமேல் சொல்வதில் சண்டை உண்டு. பெரிய சண்டை, கருத்தடைச் சேவையின் பங்கு எவ்வளவு என்பதில். பொருளியலாளர் லான்ட் பிரிட்செட் 1994இல், நாடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பெண்கள் எத்தனை பிள்ளைகளை விரும்புகிறார்கள் என்பதிலேயே அடங்கிவிடுகிறது, சேவை இருக்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயம் என்று வாதாடினார். மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் போங்கார்ட்ஸ் போன்றவர்கள் மறுத்தார்கள். வேண்டாம் என்று நினைத்தும் வழியில்லாததால் பிறந்த குழந்தைகள் கோடிக்கணக்கில் உண்டு, மேலும் சேவை வந்து பேச்சு தொடங்கிய பிறகே விருப்பமும் மாறுகிறது என்றார்கள். நான் போங்கார்ட்ஸ் பக்கம் சாய்கிறவள், மத்லப் அதற்குக் காரணம். ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. மத்லப்பில் சேவை குறைவாக இருந்த பாதியிலும் பிறப்பு குறைந்துகொண்டேதான் வந்தது. அங்கேயும் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. குழந்தைச் சாவு, பள்ளி, சேவை, கூலி என்று நான்கும் ஒரே முப்பது வருடத்தில் வந்த நாட்டில், எது எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்லும் எண்களை நான் நம்புவதில்லை. ஒரு நாட்டை இரண்டாக்கி மறுபடி ஓடவிட்டுப் பார்க்க முடியாது.

எதிர்த்திசைக் கேள்வியும் இருக்கிறது. பிறப்பு குறைந்ததால்தான் வளர்ச்சி வந்ததோ? உழைக்கும் வயதினர் அதிகமாகவும் அவர்களைச் சார்ந்திருக்கும் குழந்தைகள் குறைவாகவும் இருக்கும் காலம் ஒரு நாட்டுக்குச் சாதகம்தான். ஆனால் அந்தக் காலத்தில் வேலையும் பள்ளியும் தயாராக இருந்தால் மட்டுமே அது கைக்கு வரும். காரணமும் விளைவும் இங்கே இரண்டு பக்கமும் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் எடுத்து இதுதான் மூலம் என்று சொல்கிறவர்கள், தரவு தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சில இடங்களில் வறுமையே பிறப்பைக் குறைத்திருக்கிறது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் 2000 கணக்கெடுப்பில் கருவள விகிதம் 1.9, அதே சமயம் அந்நாட்டுக் கிராமங்களில் 6க்கு மேல். தலைநகரில் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை. வேலை கிடைக்கவில்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, அதனால் கல்யாணமே தள்ளிப்போனது. இதை வளர்ச்சி என்று கொண்டாட முடியுமா? அதனால்தான் வெறும் எண்ணைப் பார்த்து மகிழ எனக்குத் தயக்கம். எண் இறங்குவது முக்கியம்தான், அந்தப் பெண் எந்த நிலையில் அந்த முடிவுக்கு வந்தாள் என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

கட்டாயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் சீனாவைப் போலச் செய்யவேண்டும் என்பார். சீனாவில் 1970இல் 6ஐ ஒட்டியிருந்த எண், ஒரு குழந்தைக் கொள்கை நாடு முழுவதும் வருவதற்கு முன்பே, 1970களின் கடைசிக்குள் 3க்குக் கீழே வந்துவிட்டது. அந்தப் பத்து வருடத்திலும் அரசின் நெருக்குதல் இருந்தது உண்மை. இருந்தாலும் மிகக் கொடுமையான பகுதி வந்தது பெரிய இறக்கம் முடிந்தபிறகு. இந்தியாவில் நெருக்கடி நிலையின்போது 1976-77இல் மட்டும் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பல இடங்களில் ஆட்களை இழுத்துக்கொண்டு போய். அதன் விளைவு, அதற்குப் பிறகு பல வருடங்கள் வட மாநிலங்களில் குடும்ப நல ஊழியரைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும், வயதான ஆண்கள் ‘ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தீர்களா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். நம்பிக்கையை ஒருமுறை உடைத்துவிட்டால் அது ஒட்ட ஒரு தலைமுறை ஆகும்.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1992-93இல் நடந்த முதலாவது தேசியக் குடும்ப நல ஆய்விலேயே இங்கே எண் 2.5க்கு வந்துவிட்டது, இந்தியாவுக்கு 3.4. இங்கேயும் பெரிய தொழில் வளர்ச்சிக்கு முன்பே இறக்கம் வந்துவிட்டது. வேறொரு வேடிக்கையான காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களின் கிராமங்களில், கேபிள் டிவி வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டார்கள். கேபிள் வந்த ஊர்ப் பெண்கள் ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று சொல்வது குறைந்தது, பிறப்பும் குறைந்தது. சின்னக் குடும்பம் வசதியாக வாழ்வதைத் தினமும் சாயங்காலம் பார்ப்பது ஏதோ செய்கிறது. பிரேசிலில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றியும் இதே மாதிரி முடிவு வந்திருக்கிறது. இதன் பங்கு எவ்வளவு நிலைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் பக்கத்து வீட்டைப் பார்த்து, திரையைப் பார்த்து, ஊழியரின் வாழ்க்கையைப் பார்த்து மனம் மாறுகிறது என்பது நான் திண்ணைகளில் கேட்டதோடு ஒத்துப்போகிறது.

நான் சொன்னதற்கெல்லாம் ஒத்துவராத நாடு நைஜர். அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. அங்கே 1998க்கும் 2009க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு ஆயிரத்துக்கு 226இலிருந்து 128 ஆனது, ஓர் ஏழை நாட்டுக்கு அது பெரிய சாதனை. ஆனால் 2012 கணக்கெடுப்பில் கருவள விகிதம் 7.6. பெண்கள் விரும்புவதாகச் சொன்ன எண்ணிக்கையோ அதைவிட அதிகம், ஒன்பதுக்கு மேல். குழந்தை பிழைத்தால் பிறப்பு குறையும் என்ற என் வாதம் அந்தக் கணக்கெடுப்பு வரை அங்கே வேலை செய்யவில்லை. முக்கால்வாசிப் பெண்களுக்குப் பதினெட்டுக்குள் கல்யாணம், பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர்கள், வயலுக்கும் ஆட்டுக்கும் கை வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உள்ள வீட்டில் பிள்ளைகள்தான் ஒருத்தியின் பலம். குழந்தைச் சாவு குறைவதற்கும் பிறப்பு குறைவதற்கும் நடுவே வருடக்கணக்கில் இடைவெளி விழுவது வழக்கம்தான், மற்றவை மாறாத நாட்டில் அது இன்னும் நீளும் என்பது என் ஊகம். கென்யாவில்கூட இறக்கம் நேர்கோட்டில் போகவில்லை. 1998இல் 4.7 ஆனது 2003இல் 4.9இல் நின்றுவிட்டது, பிறகுதான் மறுபடி இறங்கி 2022இல் 3.4க்கு வந்தது.

நைஜர் எப்போது திரும்பும் என்று யாராவது கேட்டால் நான் அந்நாட்டின் தலா வருமானத்தைப் பார்க்க மாட்டேன். கணக்கெடுப்பில் வேறொரு கேள்வி உண்டு: ‘பிள்ளையே இல்லாத காலத்துக்குத் திரும்பிப்போய், வாழ்நாளில் எத்தனை வேண்டும் என்று நீங்களே முடிவு செய்ய முடிந்தால், எத்தனை என்பீர்கள்?’ தமிழ்நாட்டில் நான் பேசிய கிழவிகளில் சிலர் இதற்கு எண்ணே சொல்ல மாட்டார்கள். சிரித்துவிட்டு, ‘அது நம்ம கையிலா இருக்கு, சாமி கொடுக்கறது’ என்பார்கள். அவர்களுடைய மகள்கள் கேள்வியை முடிக்கும் முன்பே ‘ரெண்டு’ என்றார்கள். எண் சொல்லாமல் கடவுளைக் கைகாட்டும் பெண்கள் நைஜரில் எத்தனை பேர், அடுத்த கணக்கெடுப்பில் அது எத்தனை குறைகிறது என்பதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன்.